பூட் கார்டும் சிவப்புத் துண்டும்

பிப்ரவரி 10, 1983. வியாழன்

மாவு பொங்கி வழிந்து மேடை முழுக்க ஓடியிருந்தது. செவ்வாய்க்கிழமை அரைத்தது. நேற்று யாரும் இட்லி ஊற்றவில்லை. எடுத்து வைக்கவும் ஞாபகம் இல்லை.

நேற்று மத்தியானம் மில்லில் விபத்து. இரண்டாவது காகித மெஷினில் தாள் அறுந்துவிட்டது. அறுந்தால் ஈரத்தாள் உருளையில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்திவிட்டு ஓர் ஆள் உள்ளே கையை விட்டுப் பிய்த்து எடுப்பார். மாரப்பன் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. மேலே கண்ட்ரோல் ரூமில் ஷிப்டு பார்த்தவர் என் வீட்டுக்காரர். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் அவர்தான்.

கீழே இருப்பவர் வேலையை முடித்து வெளியே வந்து 'தயார்' பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் மேலே பச்சை விளக்கு எரியும். எரிந்த பிறகு ஸ்டார்ட் போடலாம். இது சட்டம். எரியாமல் போட்டாலும் மெஷின் ஓடத்தான் செய்யும், தடுக்கிற ஏற்பாடு ஒன்றும் கிடையாது.

"பச்சை வெளக்கு எரிஞ்சுது சுலோ. எரிஞ்சப்பறந்தான் போட்டேன்" என்கிறார். பொத்தானைத் தொடவே இல்லை என்று மாரப்பன் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொல்கிறாராம். இவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. விளக்கு எரியாமல் போட்டார் என்று முடிவானால் வேலை போய்விடும். போலீஸ் கேஸும் வரும் என்கிறார்கள். வேலைகூடப் போகட்டும், ஒரு மனுஷன் கையை எடுத்தவர் என்ற பெயரோடு இவரால் இருக்க முடியாது.

நேற்று போட்டிருந்த சட்டையைத் துவைத்தேன். கைமடிப்பில் கறுப்பு மை. இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

பிப்ரவரி 11, வெள்ளி

மில் மேனேஜர் ஜகந்நாதன் சார் கூப்பிட்டனுப்பினார். "மிஸஸ் சதாசிவம், கம்ப்யூட்டர் எழுந்திரிக்க மாட்டேங்குது. விபத்து நடந்தப்ப யாரோ மெயின் சுவிட்சையே இறக்கிட்டாங்க. எலக்ட்ரீஷியனுங்க போட்டுப் போட்டுப் பாத்துட்டாங்க. கையால மெஷின் ஓட்டினா பாதித் தாள் குப்பைக்குப் போகுது. உடனே பாருங்க" என்றார். எனக்குச் சுலோச்சனா என்று ஒரு பெயர் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதற்காக அந்தப் பெயரில்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

அது பீரோ உயரம் இருக்கும். எங்கோ வெளிநாட்டு மில் ஒன்று கழித்துப் போட்டதை முதலாளி கப்பலில் வரவழைத்தார். மெஷினின் வேகம், சூடு, ஈரம் எல்லாம் அதன் பொறுப்பு. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் குறித்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமில் இருக்கும் டெலிபிரிண்டரில் அடித்துத் தரும்.

புதன்கிழமை அடித்துத் தரவில்லை. டெலிபிரிண்டருக்கு வெளியில்தான் காகிதச் சுருள் வாங்க வேண்டும். காகித மில்லுக்குக் காகிதம் வாங்குவதா என்று யாருக்கோ ரோஷம் வந்து, நம் தாளையே வெட்டிச் சுருட்டி மாட்டிவிட்டார்கள். தடித்த தாள். தும்பு உதிர்ந்து சிக்கிச் சிக்கி நிற்கும். விபத்து நடந்த நேரத்திலும் சிக்கித்தான் நின்றிருக்கிறது. ஜில்லா முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் போடுகிற மில்லில் ஒரு வரி அடிக்கத் தாள் இல்லாமல் போயிற்று. சிரிக்கலாம் போலத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 12, சனி

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒழுங்காக வரிசையாக எழுதுகிறேன்.

கரண்ட் போட்டதும் இந்தக் கம்ப்யூட்டருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. முன்பெல்லாம் ஓர் ஆள் நின்று, முகப்பில் இருக்கிற சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, குட்டியாக ஒரு நிரலை உள்ளே ஏற்ற வேண்டும். ஓட்டை போட்ட நாடாவைப் படி, படித்ததை நினைவில் வை, அடுத்ததுக்குப் போ. அவ்வளவுதான் அந்த நிரல். அது உள்ளே போய்விட்டால் பெரிய நாடாவைத் தானே இழுத்துப் படித்துக்கொள்ளும்.

அந்த ஆளுக்குப் பதில் வந்ததுதான் பூட் கார்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. அதில் வரிசை வரிசையாக டயோடு என்கிற மிளகளவு மின்சாமான்களை ஈயத்தால் பற்றவைத்திருக்கும். ஒரு வரிசை ஒரு கட்டளை. டயோடு இருந்தால் ஒன்று, வெற்றிடமாக இருந்தால் சுழி. கரண்ட் வந்ததும் கார்டு முதல் வரிசையிலிருந்து கடைசிவரை, ஆள் சுவிட்சு தட்டுவது போலவே, ஒவ்வொன்றாக நினைவில் எழுதிவிட்டு 'ஓடு' என்று விட்டுவிடும். மந்திரமும் இல்லை மாயமும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணாலேயே படிக்கலாம்.

கார்டு நினைவில் எழுதியதை எடுத்து, கம்ப்யூட்டர் முகப்பு விளக்குகளில் பார்த்துக் கையேட்டோடு ஒப்பிட்டேன். ஒரு வரிசையில் எரிய வேண்டிய ஒரு விளக்கு எரியவில்லை. கார்டை உருவிப் பார்த்தால் அந்த இடத்து டயோடின் கால் முறிந்திருந்தது. ஒன்று சுழியாகிவிட்டது. 'நாடா தயாராகும்வரை காத்திரு' என்ற கட்டளை 'நில்' என்று ஆகிவிட்டது. அதனால்தான் எழுந்த உடனே நின்றுவிடுகிறது. பற்றவைத்தால் பத்து நிமிஷ வேலை.

பற்றவைக்கக் காய்ச்சிய இரும்பை எடுத்த பிறகுதான் உறைத்தது. இந்தக் கம்ப்யூட்டரின் நினைவு பழைய மாதிரி. கடுகளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து நெய்தது. இப்படிக் காந்தமானால் ஒன்று, அப்படி ஆனால் சுழி. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. அப்படியானால் புதன்கிழமை மெயின் சுவிட்சை இறக்கிய நிமிஷம்வரை அமுக்கிய பொத்தான்கள் எல்லாம் இன்னும் அதற்குள் இருக்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததா இல்லையா என்பதும் இருக்கிறது.

கார்டு நன்றாக இருந்திருந்தால் எலக்ட்ரீஷியன் முதல் தடவை ஆன் செய்தபோதே பெரிய நாடா ஏறியிருக்கும். அந்த நாடா செய்கிற முதல் வேலை நினைவு முழுவதையும் துடைப்பது. ஓர் உடைந்த டயோடு காப்பாற்றி வைத்திருக்கிறது.

இரும்பை அணைத்துவிட்டு, கார்டை இவருடைய பழைய வேட்டியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்கே இருந்தால் யாராவது சமர்த்தர் பற்றவைத்து மாட்டிவிடுவார்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். "அப்ப எல்லாமே அதுக்குள்ள இருக்குதா?" என்றார். இருக்கிறது என்றேன். கொஞ்சம் மோர் கேட்டார்.

பிப்ரவரி 13, ஞாயிறு

சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய், கொத்தமல்லி, விளக்குத் திரி. துண்டுக் கடையைத் தாண்டி வந்தேன். கடைக்காரர் கூப்பிட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்குத் தீபாவளி இவர் ஷிப்டில் வேலை செய்கிறவர்களுக்கு நான்தான் துண்டு வாங்கித் தருவேன். போன தீபாவளிக்குச் சிவப்பு கிடைக்கவில்லை என்று பச்சை வாங்கினேன். மாரப்பன் வீடு தேடி வந்து திருப்பிக் கொடுத்தார். "பச்சை வேண்டாமுங்க அக்கா. கண்ணாடி வழியாத் தெரியாது. அப்பறம் அண்ணன் எங்களை மெஷின்ல போட்டு அரைச்சுப் போடுவாரு" என்று சிரித்தார். இவரும் சிரித்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் துண்டு விஷயம் இதுதான். 'தயார்' பொத்தான் தூணில் இருக்கிறது, மெஷினுக்கு அந்தப் பக்கம். வேலையை முடித்த பிறகு அமுக்க வேண்டுமானால் மெஷினை முழுக்கச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் போகும்போதே அமுக்கிவிட்டு உள்ளே நுழைந்துவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வந்ததும் கழுத்துத் துண்டை எடுத்து ஆட்டுவார்கள். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் விளக்கைக் கண்டுகொள்ளவே மாட்டார். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்து, துண்டு ஆடிய பிறகுதான் ஸ்டார்ட் போடுவார். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. மேனேஜருக்கும் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

விசாரணையில் கேட்கப்போவது விளக்கைப் பற்றி. இவர் விளக்கு எரிந்தது என்கிறார். அதைத்தான் பார்க்க வேண்டும். துண்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, திங்கள்

ஜகந்நாதன் சாரிடம் நினைவைப் படிக்கலாம் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களே படிச்சு, உங்க வீட்டுக்காரர் பண்ணினது சரின்னு நீங்களே சொன்னா, யாருங்க நம்புவாங்க?"

"சாட்சி வச்சுப் படிப்போம் சார். யூனியன்லருந்து வரட்டும். நான் சுவிட்சு மட்டும் தட்டறேன். விளக்கை அவங்க பாத்துச் சொல்லட்டும்."

"பாதகமா வந்தா?"

வரட்டும் சார் என்றேன். விசாரணை அன்றைக்கே, வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை கார்டையாவது பற்றவைத்துத் தயாராக வைக்கலாமே என்று கேட்டார். அந்த ரக டயோடு கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும், சொல்லிவிட்டிருக்கிறேன் என்றேன். சொல்லிவிடவில்லை. உதிரிகள் போட்டு வைக்கிற என் பழைய மருந்து டப்பாவில் அதே ரகம் ஒரு கை அளவு இருக்கிறது. இருந்தாலும் புதுசாக இருந்தால் நல்லதுதானே.

பிப்ரவரி 15, செவ்வாய்

மழை இல்லாமல் ஆறு வற்றி, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இன்றைக்கு மாரப்பன் வீட்டுப் பாவாயி எனக்கு முன்னால் குடத்தோடு நின்றாள். வரிசையில் இருந்த பேச்செல்லாம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் போயிருப்பேன். அவள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, சோத்தை உருட்டி ஊட்டி உடறேன். நேத்து அவரே எடத்துக் கையில எடுத்துப் பாத்தாரு, கொட்டிருச்சு" என்றாள். பிறகு, குடம் நிரம்புவதைப் பார்த்தபடியே, "எங்கூட்டுக்காரரு பட்டனைத் தொடவே இல்லைங்கறாரு. அண்ணன் வெளக்கு எரிஞ்சுதுங்கறாரு. ரெண்டு பேருத்துல ஒருத்தரு பொய்யி சொல்றாங்க. எங்கூட்டுக்காரரு தப்புன்னு ஆயிட்டா எங்களுக்கு ஒண்ணும் தரமாட்டாங்களாமா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும் என்றேன். என் குடத்துக்குத் தண்ணீர் வருவதற்குள் நின்றுவிட்டது. அவள் தன் குடத்திலிருந்து பாதியை எனக்கு ஊற்றிவிட்டுப் போனாள். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பிப்ரவரி 16, புதன்

மத்தியானம் கம்ப்யூட்டர் அறையில் நான் மட்டும் இருந்தேன். ஏ.சி. சத்தம் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது என்று தோன்றியது. பொறுப்பான யாருமே அப்படித்தான் செய்வார்கள்.

கார்டு இல்லாமல் கரண்ட் போட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யாமல் விழித்துக்கொண்டு நின்றது. பொத்தான்களைக் குறித்து வைக்கிற இடத்தின் எண்ணை முகப்புச் சுவிட்சுகளில் தட்டினேன். 'காட்டு' என்ற பிடியைத் தட்டினால் முதல் விளக்குகள் எரிந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் முழுவதும் தெரிந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நினைவைப் படித்தாலே அழிந்துவிடும். ஒரு வளையம் எந்தப் பக்கம் காந்தமாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் புரட்டிப் பார்த்தாக வேண்டும். படித்ததை அடுத்த கணமே கம்ப்யூட்டர் திருப்பி எழுதிவிடும். அந்தக் கணத்தில் கரண்ட் போனால் படித்த வரி போனதுதான். அதற்கும் பாதுகாப்பு உண்டு, ஆனால் பழைய சாமான், நான் நம்ப மாட்டேன். இப்போது மின்வெட்டுக் காலம் வேறு. யாரும் இல்லாதபோது படித்து ஒரு வரி அழிந்துவிட்டால், வேண்டுமென்றே அழித்தாள் என்றுதான் சொல்வார்கள்.

அதனால்தான் படிக்கவில்லை. சுவிட்சுகளையெல்லாம் இறக்கிவிட்டு வந்துவிட்டேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

பாதகமாக இருந்தால் கார்டைப் பற்றவைத்து மாட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதை எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து எல்லாப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்தேன்.

பிப்ரவரி 17, வியாழன்

சட்டையில் இருந்த மை எதுவென்று தெரியும். டெலிபிரிண்டர் ரிப்பன் மை. நானே எத்தனை தடவை பூசிக்கொண்டிருக்கிறேன். சிக்கின தாளை உள்ளே கைவிட்டு இழுத்தால் கைமடிப்பில் அப்படித்தான் ஒட்டும். டெலிபிரிண்டர் கண்ணாடிக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம் இருக்கிறது.

மை எந்த நேரத்திலும் ஒட்டியிருக்கலாம். காலையில்கூட இருக்கலாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். இவர் சொல்லவில்லை, நானே கடைசியில்தான் கண்டேன். "ஏங்க" என்றேன். "ம்?" என்றார். "நாளைக்கு எந்தச் சட்டை போட்டுக்கறீங்க?" என்று கேட்டேன்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை டீ நேரம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையில் கூடினோம். ஜகந்நாதன் சார், யூனியன் செயலாளர் குப்புராஜ், மாரப்பனுக்குப் பதிலாகக் குப்புராஜ் கூட்டிவந்த பாவாயி. இவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மில் ஜெனரேட்டரை ஓட்டச் சொல்லியிருந்தேன். அதன் அதிர்வு தரையில் தெரிந்தது.

பூட் கார்டு என் கையில் இருப்பதை எல்லோருக்கும் காட்டினேன். இது உள்ளே இல்லாதவரை கம்ப்யூட்டர் தானாக எதையும் ஏற்றாது, துடைக்காது என்று சொன்னேன். "மேல இருக்கற வெளக்கு எரிஞ்சா எரியுதுன்னு சொல்லுங்க, எரியலைன்னா இல்லைன்னு சொல்லுங்க. அது போதும்" என்று குப்புராஜிடம் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த எண் எந்தப் பொத்தான் என்கிற கையேட்டுப் பக்கத்தை முதலிலேயே அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது, நானே போட்ட நிபந்தனை.

கரண்ட் போட்டேன். சுவிட்சுகளைத் தட்டினேன். 'காட்டு'.

"எரியுது, இல்ல, இல்ல, எரியுது" என்று குப்புராஜ் ஏலம் விடுகிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் ஒரு தடவை ஜெனரேட்டர் இருமியது. விளக்கெல்லாம் மங்கியது. பிறகு பிரகாசமாக எரிந்தது. மறுபடி அதே வரியைக் காட்டும்படி தட்டினேன், அழியவில்லை. பாவாயி ஒன்றும் புரியாமல் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். குப்புராஜ் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த எண்களைக் கனவில் கேட்டாலும் எனக்குத் தெரியும். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவிட்சையே பார்த்தேன்.

மேனேஜர் பக்கத்தோடு ஒப்பிட்டு நிதானமாகப் படித்தார். மெஷின் நின்றது. அடுத்தது, தூணிலிருந்து 'தயார்'. அதற்கு அடுத்தது, மேலேயிருந்து ஸ்டார்ட். அதற்கு மேல் ஒன்றுமில்லை, மெயின் சுவிட்சு இறங்கிவிட்டது.

பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. இவர் பொய் சொல்லவில்லை.

ஜகந்நாதன் சார் பேனாவை மூடினார். "அப்ப ரொம்பத் தெளிவாயிருச்சு. சதாசிவம் விளக்கு எரிஞ்சப்பறந்தான் போட்டிருக்கார். மாரப்பன் தயார்னு அமுக்கிட்டு மறுபடி உள்ள கை விட்டிருக்கான், அப்பறம் தொடவே இல்லைன்னு பொய் வேற. அவன் தப்புத்தான்." குப்புராஜ் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் எனக்குக் கைகொடுக்க வந்தார். முதல் தடவையாக "சுலோச்சனா" என்றார்.

பாவாயி அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் திரும்பினாள்.

"பட்டனை அமுக்கியிருக்கறாரு. செரி. பயத்துல மாத்திச் சொல்லிட்டாரு. துண்டு ஆடுச்சுங்களா அண்ணா?"

"என்ன துண்டு?" என்றார் மேனேஜர்.

குப்புராஜ் மின்விசிறியைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் தலையாட்டினேன் என்று இவர் பிறகு சொன்னார். ஆட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ஆடலீங்க" என்றார். "நாம் பாக்கவே இல்லீங்க. டெலிபிரிண்டர்ல தாள் சிக்கி நின்னுது. அதைப் புடிச்சு இழுத்துட்டு இருந்தேன். திரும்பினா வெளக்கு எரியுது. போட்டுட்டேன். கண்ணாடிகிட்டப் போகவே இல்ல. துண்டைப் பாக்காம போட்டது நாந்தான்."

பிறகு மேனேஜருக்குத் துண்டு என்றால் என்ன என்று அவரே சொன்னார். பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது, ஏன் முதலிலேயே அமுக்குகிறார்கள், யார் யாருக்கு இது தெரியும், எல்லாம். மாரப்பன் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தார் என்று இரண்டு தடவை சொன்னார். பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கார்டு இன்னும் கையிலேயே இருந்தது, டயோடு முனைகள் குத்தி உள்ளங்கை சிவந்திருந்தது.

பிப்ரவரி 19, சனி

ஆபீசில் விசாரணை அறிக்கையைப் புதுசாக எழுதுகிறார்கள். மாரப்பன் மேல் தப்பு இல்லை, அது மில்லின் வழக்கம் என்று போடப்போகிறார்களாம். அவருக்குச் சேர வேண்டியது சேரும், கை ஆறியதும் வேறு வேலை தருவார்கள் என்று குப்புராஜ் வந்து சொல்லிவிட்டுப் போனார். இவரைக் கண்ட்ரோல் ரூமில் இனி விடமாட்டார்கள். வேலையில் வைப்பார்களா என்பது மெட்ராஸ் ஆபீசிலிருந்து வரவேண்டும். கேஸ் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மில்லில் பாதிப் பேர் இவரிடம் பேசுவதில்லை. மீதிப் பேர் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள்.

பிப்ரவரி 20, ஞாயிறு

இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. மாரப்பனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாராம்.

பிப்ரவரி 21, திங்கள்

மேனேஜர் எழுதிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இனி அந்த நினைவு யாருக்கும் வேண்டாம். மருந்து டப்பாவைத் திறந்து ஒரு டயோடு எடுத்தேன். கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டதா என்று ஜகந்நாதன் சார் கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

முறிந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைத்து, கார்டை மாட்டிக் கரண்ட் போட்டேன். விளக்குகள் ஒரு தரம் ஓடின, கார்டு வரிசை வரிசையாகத் தட்டி முடித்தது. ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாடா இழுபட ஆரம்பித்தது. முதலில் எல்லாவற்றையும் துடைத்திருக்கும், புதன்கிழமையும் அதோடு போயிருக்கும். கண்ட்ரோல் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன், டெலிபிரிண்டர் 'தயார்' என்று அடித்திருந்தது. வெளியிலிருந்து வாங்கின சுருள், சிக்கவில்லை.

கீழே தூணிலிருந்த பொத்தானைக் கழற்றி மெஷினுக்கு இந்தப் பக்கம் வைக்க ஆள் வந்திருந்தது. வேலை முடிந்து வெளியே வருகிறவன் இரண்டு அடியில் அமுக்கிவிடலாம். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

வீட்டில் இவர் அரிசி களைந்து ஊறப்போட்டிருந்தார். எப்போதும் செய்யாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இத்தனை நாள் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லையே சுலோ. தெனமும் மெஷினைப் பத்தித்தான் பேசினே. மெஷின் என்ன சொல்லும், மெஷின் என்ன சொல்லும்னு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

அரிசித் தண்ணீரைக் கையால் அளைந்தார்.

"தெரியல. அந்தப் புள்ள பாவாயி கேட்டுச்சு, சொன்னேன்."